குவேசார் தாரைகளின் எக்ஸ்-கதிர்ப் புதிர்: விடை தேடும் பெங்களூரு கருவி

பெங்களூரு: தொலைதூரக் குவேசார்களிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரைகள் எக்ஸ்-கதிர்களை எவ்வாறு உமிழ்கின்றன என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. அந்த விடையின் ஒரு பகுதியைத் தேடக்கூடிய கருவி ஒன்று பெங்களூருவில் உருவாக்கப்பட்டு, 2024 ஜனவரி 1 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது.

விண்மீன் திரளின் மையத்திலுள்ள மாபெரும் கருந்துளையை நோக்கி வாயு விழும்போது, அது கடுமையாக வெப்பமடைந்து ஒளிர்கிறது. இவ்வாறு அளவுகடந்த ஒளியுடன் சுடரும் மையமே குவேசார். சில குவேசார்களில், விழும் பொருளின் ஒரு பகுதி காந்தப்புலத்தால் குவிக்கப்பட்டு, எதிரெதிர்த் திசைகளில் இரு தாரைகளாக வெளியேறுகிறது. 1963-ஆம் ஆண்டு முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட குவேசாரான 3சி 273-இலும் இத்தகைய தாரை உண்டு.

எக்ஸ்-கதிர்ப் புதிர் 1999 ஆகஸ்டில் தொடங்கியது. நாசாவின் சந்திரா தொலைநோக்கியின் குவியத்தைச் சரிசெய்வதற்காக, சுமார் 600 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிகேஎஸ் 0637-752 என்ற குவேசார் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒளிப்புள்ளி ஒன்றை எதிர்பார்த்திருந்த விஞ்ஞானிகளுக்கு, லட்சக்கணக்கான ஒளியாண்டுகள் நீளும் எக்ஸ்-கதிர்த் தாரை தென்பட்டது.

காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ்-கதிர்களை உமிழும் எலக்ட்ரான்கள் விரைவில் ஆற்றலை இழந்துவிடும். அவற்றின் ஆயுள் சில பத்தாண்டுகள் மட்டுமே எனக் கணிக்கப்படுகிறது. கருந்துளைக்கு அருகே புறப்பட்ட எலக்ட்ரான், தாரையின் மறுமுனை வரை அதே ஆற்றலுடன் சென்றடைய வழியில்லை. எனவே வழிநெடுகிலும் எலக்ட்ரான்கள் மீண்டும் மீண்டும் முடுக்கப்பட வேண்டும். இல்லையெனில், பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைகள் குறைந்த ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்களுடன் மோதி எக்ஸ்-கதிர்களாக உயர்த்தப்பட வேண்டும். பின்னது சரியானால் காமா கதிர்களும் கணிசமாக வெளிப்பட்டாக வேண்டும். ஆனால் இவ்விரு குவேசார்களிலும் ஃபெர்மி தொலைநோக்கி அந்த அளவைக் காணவில்லை என 2014, 2015-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. இதனால் முதல் விளக்கத்தின் கை ஓங்கியது. எனினும் முடுக்கும் விசை எது என்பது தெளிவாகவில்லை.

இங்குதான் தளவிளைவு அளவீடு உதவுகிறது. கதிரின் மின்புலம் எத்திசையில் அதிர்கிறது என்பதை அறிந்தால், அது பிறந்த இடத்தின் காந்தப்புலம் எவ்வளவு ஒழுங்காக உள்ளது என்பதை அறியலாம். 2022-இல் நாசாவின் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள், பூமியை நோக்கித் தாரை வீசும் மார்க்கேரியன் 501 என்ற பிளேசாரை ஆராய்ந்தது. எக்ஸ்-கதிர்களில் தளவிளைவு சுமார் 10 சதவீதமாகவும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அதில் பாதியாகவும் இருந்தது. அதிர்ச்சி அலைகளே எலக்ட்ரான்களை முடுக்குகின்றன என்ற கருத்துக்கு இது வலுவான சான்று.

ஐஎக்ஸ்பிஇ 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அளக்கிறது. இஸ்ரோவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளிலுள்ள போலிக்ஸ் கருவி, அது நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை செல்கிறது. யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தின் ஒத்துழைப்புடன் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் இதை உருவாக்கியது. (அந்நிறுவனத்தை 1948-இல் நிறுவிய சர் சி.வி.ராமனின் அண்ணன் மகனே, சந்திரா தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.) கருவியின் நடுவிலுள்ள பெரிலியத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்-கதிர்களை, நான்கு புறமும் உள்ள உணரிகள் எண்ணுகின்றன. எத்திசையில் எண்ணிக்கை கூடுகிறது என்பதிலிருந்து தளவிளைவு கணக்கிடப்படுகிறது.

போலிக்ஸால் தொலைதூரத் தாரைகளைத் தனியே பிரித்துப் பார்க்க இயலாது. அவை மிக மங்கலானவை. பிரகாசமான மூலங்களையே நெடுநேரம் உற்றுநோக்க வேண்டியுள்ளது. அதன் முதல் இலக்கு நமது விண்மீன் திரளுக்குள்ளேயே இருக்கும் நண்டு நெபுலாவின் துடிப்பு விண்மீன். தாரைகளைப் பொறுத்தவரை, பூமியை நோக்கி வீசுவதால் பன்மடங்கு பிரகாசமாகத் தெரியும் பிளேசார்களே அதன் எல்லைக்குள் வரக்கூடியவை. இத்தகைய பிளேசார் இந்தியாவுக்குப் புதிதல்ல. 2015 அக்டோபரில் ஆஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி முதன்முதலில் பார்த்ததும் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரைத்தான்.

பிளேசாரின் பிரகாசம் சில மணி நேரத்திலேயே மாறக்கூடும் என்பதால், எக்ஸ்-கதிரையும் ஒளியையும் ஒரே காலத்தில் அளப்பது அவசியமாகிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை, பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டையிலிருந்தே இந்திய வானியற்பியல் நிறுவனம் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்கி வருகிறது.