அணுக்கழிவும் இருப்புப்பாதையும்

அணு உலையில் பயன்பட்டுத் தீர்ந்த யுரேனியக் கோல்கள், உலையை விட்டு வெளிவந்த பின்னரும் வெப்பத்தையும் கதிர்களையும் வீசிக்கொண்டே இருக்கும் இயல்புடையவை. அவற்றை மக்கள் வாழும் ஊர்களினூடே கொண்டு செல்வது எங்ஙனம் என்னும் வினா, அணுமின் நிலையங்கள் தோன்றிய காலந்தொட்டே எழுந்ததாகும்.

அனைத்துலக அணுசக்தி நிறுவனம் இதற்கான விதிகளை முதன்முதலாக 1961ஆம் ஆண்டில் வெளியிட்டது. பின்னர் திருத்தப்பெற்ற அவ்விதிகளின்படி, கோல்களை அடைக்கும் உருக்குக் கலம் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 800 பாகை வெப்பமுள்ள தீயில் அரைமணி நேரம் கிடந்தாலும், தன் காப்புத்திறனை இழத்தலாகாது. வண்டிக்கு 2 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டுதலும் கூடாது.

விதி ஏட்டில் இருந்தால் போதுமா? மக்கள் ஐயத்தைப் போக்க எண்ணிய பிரிட்டனின் மத்திய மின்னுற்பத்தி வாரியம், 1984 ஜூலை 17ஆம் நாள், லெஸ்டர்ஷயரில் உள்ள ஓல்டு டால்பி என்னுமிடத்தில் ஒரு சோதனையை நடத்திற்று. கதிரியக்கப் பொருள் இல்லாத ஒரு கலத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே கிடத்தி, ஓட்டுநரற்ற இரயில் வண்டி ஒன்றை மணிக்கு 100 மைல் வேகத்தில் அதன்மீது மோதச் செய்தனர். இயந்திரம் நொறுங்கியது, கலமோ உடையவில்லை. அதனுள் சதுர அங்குலத்துக்கு 100 இராத்தல் என இருந்த அழுத்தத்தில் 0.26 இராத்தலே குறைந்தது. கூடியிருந்தோர் கண்ணாரக் கண்ட காட்சி இது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1998இல் சிக்கல் வேறு வழியாக வந்தது. ஜெர்மனியிலிருந்தும் பிரெஞ்சு மின் நிலையங்களிலிருந்தும் பிரான்சின் லா ஹேக் ஆலைக்குச் சென்ற கலங்கள் சிலவற்றின் வெளிப்புறத்திலும் அவற்றை ஏற்றிய வண்டிகளிலும் கதிரியக்கத் துகள்கள் படிந்திருந்தமை வெளியாயிற்று. சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல் என்பதே எல்லை. சில இடங்களில் அது பன்மடங்கு மீறப்பட்டிருந்தது.

காரணம் மோதலுமன்று, தீயுமன்று. கதிர்களைத் தடுக்கும் பொருட்டுக் கோல்களை நீர்த்தொட்டிக்குள் வைத்தே கலத்தில் அடைப்பர். அந்நீரிலுள்ள துகள்கள் கலத்தின் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். கழுவிய பின்னும் ஒளிந்திருந்து, பயணத்தின்போது வெளிப்படும்.

இதனால் எவர் உடல்நலமும் கெடவில்லை என்றே ஆய்வாளர் தெரிவித்தனர். ஆயினும், மின் நிறுவனங்கள் இதனைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் அரசுக்கு அறிவிக்கவில்லை என்ற செய்தி பெருங்கொந்தளிப்பை உண்டாக்கிற்று. கலங்களை ஏற்றி இறக்கிய தொழிலாளரும் காவல் நின்ற போலீசாரும் தங்களிடம் மறைத்தது ஏன் என்று வினவினர். அக்காலத்தில் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த அங்கெலா மெர்க்கல் அம்மையார், 1998 மே மாதத்தில் அப்போக்குவரத்தை நிறுத்தினார். தொட்டி நீர் படாவண்ணம் கலத்துக்கு உறையிடுதல், அளவு மீறினால் உடனே அறிவித்தல் ஆகிய ஏற்பாடுகளுக்குப் பின்னர், 2001இல்தான் வண்டிகள் மீண்டும் ஓடின.

நூறு மைல் வேகத்துக்கு அசையாத உருக்கினால் பெற்ற நம்பிக்கையை, கண்ணுக்குப் புலப்படாத துகளும் அதனை மறைத்த மௌனமும் அழித்துவிட்டன. கலத்தின் உறுதி பொறியியலார் பொறுப்பு. அளந்ததை அளந்தவாறே உரைப்பது நிருவாகத்தார் கடமை. இவ்விரண்டில் ஒன்று குறையினும் காப்பு நிறைவுறாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.