சும்மா கிடந்தே கெட்டுப்போகும் மோட்டார்: காவிரிக்கரையிலிருந்து ஒரு எஞ்சின் வரலாறு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். ஆனால் அது தீவு என்கிற நினைப்பே வருஷத்தில் பாதி நாள் யாருக்கும் இருக்காது. கீழே மணல் தெரியும், மேலே பாலத்தில் டவுன் பஸ் போய்க்கொண்டிருக்கும். கர்நாடகத்தில் மழை கொட்டி, மேட்டூர் நிரம்பி, உபரி நீர் வரும்போதுதான் தீவு என்பது ஊருக்கே ஞாபகம் வரும்.

அந்த நேரத்தில் தேடப்படுகிற சாமான்களில் ஒன்று, படகின் பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார். மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்ததை எடுத்து மாட்டுவார்கள். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் அழகாக ஓடும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் மட்டும் இழுவை இருக்காது! கரையில் இது வெறும் எரிச்சல். வெள்ளத்தின் நடுவே இது உயிர் விஷயம். எஞ்சின் நின்றுவிட்டால் படகு எங்கே போக வேண்டும் என்பதை ஆறுதான் முடிவு செய்யும்.

ஓடாமல் இருக்கும் எஞ்சின் ஏன் கெட வேண்டும்? இதற்குப் பதில் தேட கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

ஒரு மாணவரின் யோசனை

அவுட்போர்டு மோட்டாரின் ஆரம்பகால முன்னோடிகளில் ஒருவர் கேமரூன் வாட்டர்மேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர். தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்து, நாற்காலி முதுகில் மாட்டி ஓட்டிப் பார்த்தாராம். நாற்காலியில் மாட்ட முடிந்தால் படகில் ஏன் மாட்ட முடியாது என்று தோன்றியது. 1905இல் டெட்ராய்ட் ஆற்றில் சோதித்துப் பார்த்தார்.

இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். 1909இல் மில்வாக்கி நகரில் விற்பனையைத் தொடங்கினார். முதல் மாடல் 1.5 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 28 கிலோ. ஒரு ஆளே தூக்கிக்கொண்டு போய் மாட்டலாம், கழற்றி வீட்டுக்கு எடுத்து வரலாம். (அவர் பெயரைத் தாங்கிய எவின்ரூட் மோட்டார்களின் தயாரிப்பு 2020இல் நிறுத்தப்பட்டது.)

இங்கே கவனிக்க வேண்டியது ஊரின் தட்பவெப்பம். அந்தப் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். மோட்டாரை எப்போது கழற்றி வைக்க வேண்டும், எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மோட்டாரோடு சேர்ந்து ஒரு வழக்கமும் வளர்ந்தது. இலையுதிர்காலத்தில் பெட்ரோலை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, கியர் ஆயிலை மாற்றி, நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். ஓய்வு எடுக்க வைப்பதும் ஒரு வேலைதான் என்பது அவர்களுக்குப் பழகிப்போனது.

ஜப்பானின் யமஹா 1960இல் தன் முதல் அவுட்போர்டு மோட்டாரை வெளியிட்டது. 1980களின் தொடக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழைப் பக்கம் நாட்டுப்படகுகளில் இப்படிப்பட்ட மோட்டார்கள் வேகமாகப் பரவின. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் முறை அங்கே சகஜம். கடலில் அந்த மோட்டார்களுக்கு நல்ல வேலை இருந்தது. ஆற்றங்கரையில் கதை வேறு.

காவிரியின் காலண்டர்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு காவிரிக்கு ஒரு காலண்டர் உண்டு. ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் மூடல். அதாவது வழக்கப்படி நடந்தாலே நாலரை மாதம் ஆறு ஓய்வெடுக்கும். மோட்டாரும்தான்.

வழக்கப்படி நடக்காத வருடங்கள்தான் அதிகம் பிரச்சினை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. 2017இல் அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தார்கள். 2018இல் ஜூலை 19. அப்படித் தாமதமாக வந்த அதே 2018இல்தான் வெள்ளமும் வந்தது! ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சரிந்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த மேலணை ஆர்தர் காட்டன் 1830களில் கட்டியது.

வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே கிடைத்தது சில வாரம். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி நகருக்குள் தண்ணீர் வந்தபோது அந்த அவகாசம்கூட இல்லை. மில்வாக்கிக்காரருக்குத் தேதி தெரியும். திருச்சிக்காரருக்குத் தெரியாது. ஓய்வு காலமும் பனிக்காலம் இல்லை, நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் அக்னி நட்சத்திரம்!

உள்ளே என்ன நடக்கிறது?

1893இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய கார்புரேட்டரில் ஒரு மெல்லிய துளை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக் காற்றோடு கலக்கும். இன்றைய கார்புரேட்டர்களும் அதே அடிப்படைதான். அந்தத் துளைக்குப் பெயர் ஜெட்.

மோட்டார் சும்மா கிடக்கும்போது கார்புரேட்டர் கப்பில் தங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு ஜெட்டை அடைக்கும். வெயில் அதிகம் என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இதோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்போடு தொடங்கி, 2022இல் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம் என்று வளர்ந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். பழைய மோட்டார்களின் ரப்பர் ஹோஸ், வாஷர்களுக்கும் எத்தனால் ஆகாது.

இழுவை போனால் எங்கே பார்ப்பது?

எளிதானதிலிருந்து கஷ்டமானதற்குப் போவதுதான் மெக்கானிக்குகளின் வழக்கம்.

1. முதலில் பழைய பெட்ரோல். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ மொத்தமாக மாற்ற வேண்டும். பாதி மோட்டார்கள் இங்கேயே சரியாகிவிடும்.

2. இரண்டு நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தளர்ந்தால், டேங்க் மூடியின் ஏர் ஸ்க்ரூ மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் ஒட்டிப்போய் இருந்தாலும் இதே கதை. மோட்டாரின் மேலேயே டேங்க் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1949இல் ஜான்சன் கம்பெனி தனி டேங்க்கைக் கொண்டுவந்த பிறகு ஹோஸும் சேர்ந்து வந்தது.

3. ஐடிலில் ஓடி, திருகினால் திணறினால் கார்புரேட்டரின் மெயின் ஜெட் அடைப்பு. ஐடிலுக்குத் தனி வழி இருப்பதால்தான் நல்ல மோட்டார் மாதிரி ஏமாற்றுகிறது. கழற்றிக் கழுவி, காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், ஜாக்கிரதை!

4. இரண்டு சிலிண்டர் மோட்டார் நடுங்கி மிஸ்ஸிங் அடித்தால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருந்தால் ஆள் அகப்பட்டான்.

5. மோட்டாரின் பக்கத்தில் சிறிய தண்ணீர்த் தாரை பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் போய்விட்டது. ஒரே நிலையில் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்து இறுகியிருக்கும், அல்லது ஆற்று மணல் தேய்த்திருக்கும். புதிய மோட்டார்கள் சூடேறினால் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு இழுவை போனது போலத் தோன்றும்.

6. எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லையா? எஞ்சின் மேல் குற்றமில்லை. புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது, இல்லாவிட்டால் ஆகாயத்தாமரை சுற்றியிருக்கிறது.

தினமும் ஓடிய மோட்டார்கள்

முக்கொம்பு மதகுகள் உடைந்த அதே 2018 ஆகஸ்டில்தான் கேரளத்திலும் பெருவெள்ளம். அங்கே கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். அவர்கள் மீட்டவர்கள் 65,000 பேருக்கு மேல் என்பது கேரள அரசின் கணக்கு. மீனவர்களின் துணிச்சல் பற்றி எல்லோரும் எழுதினார்கள், அது நியாயம்தான். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. அவை தொழிலுக்கு ஓடுகிற மோட்டார்கள். ஜெட்டில் பிசின் படிய நேரமே கிடையாது. மோட்டாரின் ஒவ்வொரு சத்தமும் ஓட்டுபவருக்கு அத்துப்படி.

வெள்ளத்துக்கென்றே வாங்கி வைக்கும் மோட்டாருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு யாராவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை டிரம் தண்ணீரில், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். (தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் நிமிடத்தில் கருகிவிடும்.) டிரம்மில் ஓடுவதை வைத்து முழு இழுவையைச் சொல்ல முடியாது. அதனால் ஆற்றில் தண்ணீர் வந்த முதல் வாரமே ஆட்களை ஏற்றி ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

ஓய்வுக்கு வைக்கும் வழக்கத்தையும் அந்த ஊர் ஏரிகளிலிருந்து எடுத்து நம் ஊர்க் காலண்டரில் ஒட்டிக்கொள்ளலாம். ஜனவரி 28 மேட்டூர் மூடும் நாள், பெட்ரோலை வடிக்கும் நாள். மே கடைசி, புதுப் பெட்ரோலும் புது பிளக்கும் போடும் நாள். மேட்டூர் எப்போது திறந்தால் என்ன, மோட்டார் ஜூன் 12க்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் நெரியும்போது பாதுகாப்புக்குப் படகு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மோட்டார் அன்றைக்கு இழுக்குமா இழுக்காதா என்பது வெயில் கொளுத்திய ஏப்ரலில், யாரும் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு நாளில், ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.