மைக்கைப் பிடித்த சந்திரா நாயுடு

விளையாட்டு வர்ணனை என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிரிக்கெட் ஞாபகம் வரும். விளாத்திகுளம், குளத்தூர், ஓட்டப்பிடாரம் பக்கத்தில் வளர்ந்தவர்கள் காதில் முதலில் விழுந்த வர்ணனை மாட்டுவண்டிப் பந்தயத்துடையது. கோயில் கொடை வந்தால் தார் ரோட்டில் வண்டி பூட்டுவார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனிப் போட்டி. குழாய் ரேடியோ கட்டிய ஜீப்பில் ஒருவர் கூடவே போவார். எந்த ஊர் வண்டி முந்துகிறது, சாரதி யார், எந்த வளைவில் யார் யாரை விலக்கினார் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வருவார். ரோட்டோரம் நிற்கிறவர்கள் கண்ணில் மாடு படுவது சில நொடிதான். மீதிப் பந்தயம் முழுக்க அந்தக் குரலுக்குள்தான் ஓடும். அந்த மைக்கில் ஒரு பெண் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மைக்கைப் பிடித்துக் கிரிக்கெட்டை வர்ணித்த சந்திரா நாயுடுவைப் பற்றி எழுத எனக்கு அதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஆனால் அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்ற வருத்தம் நிறைய உண்டு.

1977. டோனி கிரெய்க் தலைமையில் இங்கிலாந்து அணி எம்.சி.சி. என்ற பேரில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. ரஞ்சி சாம்பியனான பம்பாய் அணி இந்தூரில் அவர்களோடு மோதியது. அந்த ஆட்டத்தில் மைக்கின் முன் உட்கார்ந்து வர்ணித்தவர் சந்திரா நாயுடு. இந்தியாவின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் என்று அவரைச் சொல்வது அந்த ஆட்டத்தை வைத்துத்தான். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. இந்தூர் அரசு மகளிர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தார்.

அவர் யாருடைய மகள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1932 ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடியது. அந்த அணியின் கேப்டன் சி.கே. நாயுடு, சந்திராவின் அப்பா. 1926இல் பம்பாயில் எம்.சி.சி.யின் பந்துவீச்சைப் பிரித்து 153 ஓட்டம் எடுத்தவர். அதில் 11 சிக்ஸர். நாகபுரியில் பிறந்த அவரை ஹோல்கர் மகாராஜா இந்தூருக்கு அழைத்துக்கொண்டார். லார்ட்ஸ் டெஸ்ட்டுக்கு அடுத்த வருஷம் சந்திரா பிறந்தார். முஷ்டாக் அலி போன்றவர்கள் ஆடிய ஹோல்கர் அணியின் ஊரில், அப்பாவின் ஆட்டத்தைப் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர்களுக்கு நடுவில் வளர்ந்த பெண். இந்தூர் இருக்கும் மாளவமும் நம்மைப் போலவே கரிசல் பூமி, பருத்தி விளையும் சீமை.

அப்பா பேர் இல்லாவிட்டால் அந்த மைக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லி அவரைச் சின்னதாக்குகிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். 1936இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய விஜயநகரம் இளவரசர் விஸ்ஸி பிற்பாடு வானொலியில் வர்ணனை செய்தார். அவருக்கு மைக் எதனால் கிடைத்தது? அவரை யாரும் இப்படிக் கேட்கவில்லையே. குடும்பத்தின் பேரால் உள்ளே வந்த ஆண்கள் நிறையப் பேர். அதே வாசல் வழியாக வந்த ஒரு பெண்ணிடம் மட்டும் கணக்குக் கேட்கக் கூடாது.

நம் நாட்டில் இந்த வர்ணனை வேலை 1934இல் தொடங்கியது. பம்பாயில் பார்சி அணியும் முஸ்லிம் அணியும் ஆடிய ஆட்டத்தை பாபி தல்யார்கான் ஒரே ஆளாக உட்கார்ந்து நாள் முழுக்க வர்ணித்தார். பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைப்பது அவருக்குப் பிடிக்காது என்பார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் மார்ஜரி பொலார்ட் என்ற பெண் பிபிசியில் கிரிக்கெட் வர்ணனை செய்திருக்கிறார். அவர் இங்கிலாந்துக்காக ஹாக்கி ஆடியவர். 1926இல் மகளிர் கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் வானொலியில் ஒரு பெண் அந்த இடத்துக்கு வர தல்யார்கானுக்குப் பிறகு 43 வருஷம் ஆயிற்று.

சென்னையிலிருந்து வர்ணனைக்குப் பாலு அழகணன் வந்தார். 1955இல் இந்தூரில் ஹோல்கர் அணியைத் தோற்கடித்து மதராஸுக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் அவர். பிறகு வர்ணனையாளராகப் பேர் எடுத்தார். தமிழில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்துல் ஜப்பாரைச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்துக்காரர். 1980இல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளாவும் ஆடிய ரஞ்சி ஆட்டத்தில் தொடங்கியது அவர் வர்ணனை. 2020இல் மறைந்தார். அவருடைய தமிழை நினைத்தால் இன்றும் காது குளிரும்.

எங்கள் வீட்டில் அய்யா வாங்கி வைத்திருந்த டிரான்சிஸ்டரில் திருநெல்வேலி நிலையம் கேட்கும். 1963இல் தொடங்கிய நிலையம் அது. கடல் பக்கம் என்பதால் இலங்கை வானொலி அதைவிடத் தெளிவாகக் கேட்கும். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். பாகிஸ்தானை 2–1 என்று இந்தியா ஜெயித்தது. ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அசோக் குமார் பேர் வந்ததும் குரல் ஏறிய வேகத்தில் கோல் விழுந்தது புரிந்துவிட்டது. அய்யாவோடு தெருக்காரர்கள் எல்லாம் திண்ணையில் கூடியிருந்தார்கள். நானும் அம்மாவும் நடையில் நின்று கேட்டோம். வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமையே பெண்களுக்கு அவ்வளவுதான் இருந்தது.

இத்தனைக்கும் வானொலியில் பெண் குரலுக்குப் பஞ்சம் இல்லை. டெல்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் வீட்டுக்கு வீடு தெரியும். பாட்டு, நாடகம், மாதர் நிகழ்ச்சி எல்லாவற்றிலும் பெண்கள் இருந்தார்கள். விளையாட்டுக்கு மட்டும் ஏன் கூப்பிடவில்லை? நான் பல வருஷம் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது. செய்தியை யாரோ எழுதித் தருவார்கள். நாடகத்துக்கும் வசனம் உண்டு. வர்ணனையை யாரும் எழுதித் தர முடியாது. பந்து எங்கே விழுந்தது, மட்டை எப்படி வந்தது, தப்பு யாருடையது என்று அந்த நிமிஷமே பார்த்து, அந்த நிமிஷமே முடிவு பண்ணி, தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். கேட்கிறவனுக்கு வேறு கண் கிடையாது. சொல்வதுதான் நடந்தது. அப்படி ஒரு பொறுப்பைப் பெண்ணை நம்பிக் கொடுக்க இந்த நாட்டுக்கு மனசு வரவில்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு வட்டார விளையாட்டுப் போட்டியில், அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்த சார் சாப்பிடப் போய்விட்டார். சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி மைக்கை என்னிடம் நீட்டி, “நீங்க பேசுங்க டீச்சர், சும்மா கிடக்கு” என்றார். மைதானத்தில் பெண்களுக்கான கோ–கோ இறுதி ஆட்டம். நான் பேர் சொல்லிச் சொல்லி வர்ணித்தேன். யார் கம்பத்தைச் சுற்றினாள், யார் குனிந்து தப்பினாள், எத்தனை நிமிஷம் தாக்குப்பிடித்தாள் என்று. மிளகாய்ப் பழம் பறித்துவிட்டு அந்த வழியாக வந்த பொம்பளைகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்று கேட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நடத்துகிறவர்களில் ஒருவர் வந்தார். “டீச்சர், பரிசு வாங்குற பேரை மட்டும் வாசிங்க, போதும். மத்ததைச் சார் வந்து சொல்லுவார்” என்றார். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். வாசித்தேன்.

அதனால்தான் இந்தூரில் நடந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதற்குச் சில மாதம் முன்னால், 1976 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட்டை வெஸ்ட் இண்டீஸோடு ஆடினார்கள். கேப்டன், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. அக்டோபர் 31 சி.கே. நாயுடுவின் பிறந்த நாளும் கூட. அடுத்த மாதமே பாட்னாவில் முதல் வெற்றி. பெண்கள் ஆடவும் தொடங்கினார்கள், ஆட்டத்தைச் சொல்லவும் தொடங்கினார்கள். இரண்டும் ஒரே பருவத்தில் நடந்தது.

ஆடுவது நிற்கவில்லை, சொல்வது நின்றுவிட்டது. சந்திரா நாயுடு வர்ணனையாளராக அதிக காலம் நீடிக்கவில்லை. கல்லூரிப் பணியில் இருந்தார். முதல் டெஸ்ட்டின் பொன்விழாவை ஒட்டி 1982இல் லார்ட்ஸில் நடந்த ஆட்டத்தை நேரில் பார்த்தார். அப்பா பிறந்து நூறாவது வருஷமான 1995இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2021 ஏப்ரல் 4 அன்று, 88 வயதில், இந்தூரில் காலமானார். மறுநாள் பத்திரிகைகளில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போல வந்து போயிற்று. நம் பக்கம் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

அவருக்குப் பிறகு 2003 உலகக் கோப்பையின்போது மந்திரா பேடி தொலைக்காட்சி அரங்கில் வந்து உட்கார்ந்தார். அவர் அறிவைவிட அவர் சேலையைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது. 2015 ஐ.பி.எல்.லில் அஞ்சும் சோப்ரா, ஈசா குஹா, லிசா ஸ்தலேகர், மெலனி ஜோன்ஸ் என்று ஆடி ஓய்ந்த நான்கு பெண்கள் வர்ணனைக்கு வந்தார்கள். அது நல்ல மாற்றம். அவர்கள் யாரையும் யாருடைய மகள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தமிழில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வந்தபின் பாவனா பாலகிருஷ்ணன் தொகுப்பாளராக வந்து கேள்வி கேட்பதை வீட்டில் பேத்திகளோடு பார்க்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் பந்துக்குப் பந்து தமிழில் சொல்லும் பெட்டியில் பெண் குரல் இன்னும் அபூர்வம்.

குரல் இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு கரிசல் காடு தாண்டிக் கேட்கும்படி குலவை போடுகிறவர்கள் நம் பக்கத்துப் பெண்கள். பருத்தி எடுக்கும்போது நாலு நிரை தள்ளி நிற்பவளிடம் ஊர்க்கதை முழுக்க, நேரில் பார்த்த மாதிரி, ஆள் பேச்சு மாறாமல் சொல்லத் தெரிந்தவர்கள். வர்ணனைக்கு வேண்டிய சரக்கு வேறென்ன?

கோவில்பட்டியை ஹாக்கிப்பட்டி என்றே சொல்கிறார்கள். அங்கே செயற்கைப் புல்வெளி இருக்கிறது. அங்கிருந்து மாரீஸ்வரன் இந்திய அணி வரை போனார். அங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கே லட்சுமி அம்மாள் என்று ஒரு பெண்ணின் பெயர். காலையில் போனால் பெண்பிள்ளைகளும் மட்டையோடு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெனால்டி கார்னரில் யார் தள்ளுவாள், யார் நிறுத்துவாள், யார் அடிப்பாள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு கேலரியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு ஒரு வானொலி நிலையத்தின் தயவும் தேவையில்லை. ஊர்க் கபடியைக்கூடச் செல்போனை நிறுத்தி வைத்து யூடியூபில் நேரலையாக விடுகிறார்கள்.

விளாத்திகுளம், கோவில்பட்டி, எட்டயபுரம் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர்களுக்கும், போட்டி நடத்துகிற சங்கத்தாருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வருஷ விளையாட்டு விழாவில் ஒரு ஆட்டத்துக்காவது இரண்டு பெண்பிள்ளைகளை மைக்கின் முன் உட்கார வையுங்கள். ஒருத்தி போதாது, பேச்சுத் துணைக்கும் அடுத்த வருஷத்துக்கும் இன்னொருத்தி வேண்டும். கையில் தாளைக் கொடுக்காதீர்கள். ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.