சிட்னி மார்டி கிரா

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தன்பாலீர்ப்பாளரும் திருநரும் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலமும் அதையொட்டிய விழாவும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆண்களுக்கிடையிலான உறவு 1984 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1970இல் 'கேம்ப்' என்னும் உரிமை அமைப்பு இங்குத் தொடங்கப்பட்டது.

முதல் ஊர்வலம் 1978 ஜூன் 24 இரவில் நடந்தது. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர் நடத்திய ஸ்டோன்வால் எழுச்சியின் நினைவு நாளில் தங்களுக்குத் துணைநிற்கும்படி சான் பிரான்சிஸ்கோ உரிமை ஆர்வலர்களிடமிருந்து வந்த மடல் இதற்குத் தூண்டுகோல். ஜூன் அங்கே குளிர்காலம். ஆயினும் பலர் வேடம் புனைந்து டெய்லர் சதுக்கத்தில் கூடினர். ஒலிபெருக்கி கட்டிய ஒரு லாரி முன்னே செல்ல, ஆக்ஸ்போர்டு தெரு வழியே ஆடிப்பாடிச் சென்றனர். மதுக்கூடங்களை விட்டுத் தெருவுக்கு வாருங்கள் என்ற முழக்கத்தைக் கேட்டு உள்ளிருந்தவர்கள் வெளியே வந்து சேர்ந்துகொண்டது அந்த இரவின் அழகான காட்சி. கூட்டம் ஐந்நூறு என்பாரும் உண்டு. இறுதியில் இரண்டாயிரத்தை எட்டியது என்பாரும் உண்டு. 'மார்டி கிரா' என்ற பெயரை முன்மொழிந்தவர் யார் என்பதிலும் பங்கேற்றோரின் நினைவுகள் வேறுபடுகின்றன.

ஊர்வலத்துக்கு அனுமதி பெறப்பட்டிருந்தும், ஹைட் பூங்கா அருகே காவல்துறையினர் லாரியைப் பறித்து ஓட்டுநரைக் கைதுசெய்தனர். கலைந்துபோகாமல் கூட்டம் கிங்ஸ் கிராஸ் பகுதியை நோக்கித் திரும்பியது. அங்கே வழி அடைக்கப்பட்டு மோதல் மூண்டது. கைதான 53 பேரில் சிலர் டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டனர். வெளியே நின்றவர்கள் பிணைத்தொகைக்காக அந்த இரவிலேயே பணம் திரட்டினர். கைதானவர்களின் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை 'சிட்னி மார்னிங் ஹெரால்டு' அச்சிட்டது. அதனால் வேலை இழந்தவர்கள் உண்டு. வழக்குகளில் பெரும்பாலானவை பின்னர் கைவிடப்பட்டன. கைதுகளுக்கு வழிவகுத்த சட்டம் 1979இல் நீக்கப்பட்டது. அதற்கு அந்த ஊர்வலமே முதன்மைக் காரணம் எனப் பலரும் கருதுகின்றனர்.

1981இல் விழா கோடைக்கு மாற்றப்பட்டது. 1985இல் எய்ட்ஸ் அச்சத்தால் விழாவை நிறுத்தும்படி குரல்கள் எழுந்தும் ஊர்வலம் நடந்தது. ஐரோப்பியர் குடியேறியதன் இருநூறாம் ஆண்டான 1988இல் பூர்வகுடி நடனக் கலைஞர் மால்கம் கோல், கேப்டன் குக் வேடமிட்டுப் படகில் நின்று வந்தார். படகை இழுத்தவர்கள் வெள்ளையர்கள்.

2002இல் விழா அமைப்பு நிதி நெருக்கடியில் வீழ்ந்து, பின்னர் மீண்டது. 1978 நிகழ்வுகளுக்காக 2016இல் மாநில நாடாளுமன்றமும் 'சிட்னி மார்னிங் ஹெரால்டு' நாளிதழும் மன்னிப்புக் கோரின. பெருந்தொற்றுக் காலத்தில் ஊர்வலம் சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்குள் நடந்து, 2023இல் ஆக்ஸ்போர்டு தெருவுக்குத் திரும்பியது. அவ்வாண்டு பிரதமர் அந்தோணி அல்பனீசி அதில் நடந்து சென்றார். முதல் ஊர்வலத்தில் நடந்தவர்கள் 'எழுபத்தெட்டினர்' எனப்படுகின்றனர். ஊர்வலத்தின் முன்வரிசைகளில் அவர்களுக்கு இன்றும் இடமுண்டு.