லேடாங் மலைக்குத் தனியாகப் போகலாமா?

தங்காக் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்து வாசலில் நின்றால் லேடாங் மலை தெரியும். உயரம் 1,276 மீட்டர். ஜொகூரில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. இதில் துணையில்லாமல் ஏற ஆசைப்படும் இளைஞர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த மலையின் பழைய கதைகளைச் சொல்ல வேண்டும்.

மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்மூட் ஷா, லேடாங் மலை இளவரசியைப் பெண் கேட்கத் தூது அனுப்பிய கதை 'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் நூலில் வருகிறது. தூது போனவர்களில் மூப்படைந்த ஹங் துவாவால் உச்சிவரை ஏற முடியவில்லை. இன்னொரு தூதரான துன் மமாட் சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு மேலே போனார். பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டுக் கொசு ஈரல் என்று இளவரசி கேட்ட சீர்வரிசையின் பட்டியலோடு அவர் திரும்பினார். புராணத்திலும் இந்த மலைக்கு யாரும் தனியாகப் போகவில்லை.

1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் இந்த மலைக்கு வந்தார். அன்று ஆங்கிலேயர் இதை ஓஃபிர் மலை என்பார்கள். ஒரு நண்பரும் ஆறு மலாய்க்காரர்களும் அவரோடு வந்தார்கள். அரிசி, ரொட்டி, காப்பி, கருவாடு எல்லாம் ஆள் சுமந்தே வந்தன. பாடாங் பத்து என்னும் பாறைவெளியில் தண்ணீர் கிடைக்காமல் நா வறண்டபோது, குடுவைச் செடிகளில் தேங்கிய, பூச்சி மிதந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தனிமை புதிதல்ல. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரையில் தனியாகத்தான் பால் வெட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களே விறகுக்குக் காட்டோரம் போகும்போது ஜோடி சேர்ந்துதான் போவார்கள். "காட்டுக்கு ஒத்தையா போகாதே" என்பது என் அம்மா தினமும் சொன்ன சொல்.

தனியாக நடப்பதன் சுகம் எனக்குத் தெரியும். நம் கால் போகும் வேகத்தில் போகலாம். பேச்சுச் சத்தம் இல்லாததால் இருவாச்சியின் சிறகோசைகூடக் காதில் விழும். மனத்தில் இருக்கும் பாரமும் குறையும். ஆனால் ஈரவேரில் வழுக்கிக் கணுக்கால் பிசகினால் தூக்கிவிட ஆள் வேண்டும். மத்தியான மழையில் ஓடை திடீரென்று பெருகும். அடர்ந்த மரநிழலில் சீக்கிரமே இருட்டிவிடும். பாதை தவறியவன் பதறாமலிருக்கப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும்.

இன்று இம்மலை ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பெயரைப் பதிந்து, வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த மலையின் பழைய வழக்கம்தான் இன்று விதியாக இருக்கிறது. தனிமை வேண்டுமென்றால் துணையோடு போய் வாய்பேசாமல் நடங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.