சும்மா: தணிகை மலையடியில் ஒரு சொல்

"எங்கே கிளம்பிட்டே?" "சும்மாதான்." "இதுக்கு எவ்வளவு?" "சும்மா எடுத்துக்கோ." "நிஜமாவா சொன்னே?" "சும்மா சொன்னேன்பா." மூன்று பதிலிலும் ஒரே சொல், முதலில் அதற்குக் காரணமில்லை என்று பொருள், அடுத்து விலையில்லை, கடைசியில் உண்மையில்லை. 'சும்மா சும்மா' என்று இரட்டித்தால் ஓயாமல் என்றாகிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் இந்தப் பொருள்களையெல்லாம் அடுக்குகிறது. அந்த அடுக்கில் பேசாமல் இருப்பதும் வேலையின்றி இருப்பதும் உண்டு. தெருவில் இவ்வளவு மலிவாகப் புழங்கும் சொல்லைத்தான் தமிழ்ச் சமயம் தன் உச்சியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

பேசாதிருப்பதற்குக் கண்ணியமான சொல் கையில் இல்லாமல் இல்லை. முனிவரின் இயல்பு என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த 'மௌனம்' உண்டு. அது தமிழ் நாவில் 'மோனம்' ஆனது. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாய்த்த குருவின் பெயரே மௌனகுரு. ஆனால் மௌனம் ஒரு விரதம். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. காந்தி திங்கட்கிழமைதோறும் பேசாமல் இருந்தார். வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினார். வாய் மூடியிருக்கும்போதே கை பேசலாம் என்பதால் மௌனத்தைக் கடைப்பிடிப்பது அத்தனை கடினமில்லை. சும்மா இருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது.

திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்து, சும்மா இருக்கும்படி சொன்னதாகக் கதை. கதையை விட்டாலும் கந்தர் அனுபூதியில் அவரே அந்த உபதேசத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் பாட்டில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். உபதேசம் செய்பவனை அவர் வேலன் என்றோ குரு என்றோ மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வள்ளியைக் களவாடிய திருடன் என்கிறார். உபதேசம் கேட்டதும் என்ன தெரிந்தது என்பதற்கு, ஒரு பொருளும் தெரியாமல் போயிற்று என்கிறார். வழி தெரிந்தது, விடை கிடைத்தது என்றெல்லாம் அவர் சொல்லவே இல்லை.

அந்தத் திருடன் வள்ளியை மணந்து வந்து தங்கிய மலை தணிகை, இன்றைய திருத்தணி. சூரனோடும் பிறகு வேடரோடும் செய்த போரின் சினம் தணிந்த இடம் என்பது புராணம் சொல்லும் பெயர்க் காரணம். போர் என்று பொருள்படும் 'செரு' சேர்ந்து செருத்தணி என்றும் வழங்கும். சினம் தணிந்த இடம் என்பதால்தான் கந்த சஷ்டிக்கு ஊர் ஊராகச் சூரசம்காரம் நடக்கும்போது திருத்தணியில் அது கிடையாது. முருகனுக்குப் பூவைக் கொட்டி அர்ச்சிப்பதோடு சரி. பெயர்க் காரணக் கதைகளை நான் எளிதில் நம்புகிறவனில்லை. ஆனால் ஊரின் பெயருக்கு விளக்கம் சொல்வதோடு நில்லாமல் அந்த ஊரின் திருவிழாவையே மாற்றிவிட்ட கதையைச் சும்மா தள்ளிவிட முடியாது.

தணி என்பது தமிழின் அழகான வினைகளில் ஒன்று. காய்ச்சல் தணியும், தாகம் தணியும், கோபம் தணியும், குரலும் தணியும். தணிந்த குரலில் பேசுபவர் பேச்சை நிறுத்தியவர் அல்லர். எதிராளிக்கு இடம் விட்டிருக்கிறார். (நடுவில் ஒரு 'க்' சேர்ந்து தணிக்கை ஆனால் கதை வேறு. அது அரபு, உருது வழியாக வந்த சொல். எல்லை தாண்டினால் ஆந்திரச் சோதனைச் சாவடியில் அதே சொல்லைத் 'தனிகீ' என்பார்கள்.) இம்மலை முருகனுக்குள்ள செங்கல்வராயன் என்ற பெயரிலும் செங்கல் இல்லை, செங்கழுநீர் பூக்கும் வரைக்கு உரியவன் என்பது மருவிய வடிவம் அது. அருணகிரியின் திருப்புகழ் ஏடுகளைத் தேடித் திரட்டி 1890களில் அச்சேற்றத் தொடங்கிய வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை தம் மகனுக்கு அந்தப் பெயரைத்தான் இட்டார். அந்த மகன்தான் திருப்புகழுக்கு உரை கண்ட தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை.

திருத்தணியில் சும்மாவுக்குப் பக்கத்திலேயே அதன் தெலுங்கு உறவும் குடியிருக்கிறது. இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்து, ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தெலுங்கில் 'ஊரகே' என்றால் காரணமில்லாமல், காசில்லாமல், வேலையில்லாமல். அப்படியே நம் சும்மாதான். 'ஊரக உண்டு' என்றால் பேசாமல் இரு. அதிலிருந்து வரும் 'ஊருக்கோ' இன்னும் நயமானது: அழுகிற பிள்ளையை அணைத்துக்கொண்டு ஊருக்கோ, ஊருக்கோ என்பார்கள். பேசாதே என்பதும் தணிந்துகொள் என்பதும் அங்கே ஒரே சொல். கன்னடத்துச் 'சும்மனே', மலையாளத்துச் 'சும்மா' இரண்டும் நம் சொல்லின் உடன்பிறப்புகள். சும்மா இருத்தல் ஏதோ ஒரு சித்தர் கண்டுபிடித்த கலைச்சொல் இல்லை; தென்னாட்டு மொழிகள் வீட்டுக்குள் வைத்திருந்த பேச்சு.

தமிழில் இதே இடத்தில் 'வாளா' என்ற பழைய சொல்லும் உண்டு. இன்று அது தலையங்கத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது: அரசு வாளாவிருக்கிறது என்று குற்றம் சாட்ட. வடமாவட்டப் பேச்சில் 'கம்முனு குந்து' என்பார்கள். அதில் அதட்டல் உண்டு, அருள் இல்லை. வேடிக்கை என்னவென்றால் 'சும்மை' என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் அரவம், அதாவது இரைச்சல். சும்மைக்கும் சும்மாவுக்கும் உறவு கட்ட எனக்குத் துணிவில்லை. அகராதியில் இரைச்சலும் அமைதியும் அடுத்தடுத்த வீடு என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அந்த அடுத்தடுத்த வீட்டைப் பார்க்க ஆடிக் கிருத்திகைக்கு இந்த மலைக்கு வர வேண்டும். பூக்காவடிகள், அரோகரா முழக்கம், பம்பைச் சத்தம். டிசம்பர் 31 இரவில் மலையின் 365 படிக்கும் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள்; புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைகளைக் கும்பிடப் போகிறவர்களைத் தணிகைத் துரையிடம் திருப்பிவிட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய வழக்கம் அது. காது அமைதி தேடி வருபவர் ஏமாந்துதான் போவார். ஆனால் இத்தலத்துக் கதைகளைக் கேளுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் இங்கே கண்மூடி அமர்ந்திருக்க, முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தாராம். அதன் பிறகு பிறந்ததுதான் மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', அவருடைய முதல் கிருதி. சென்னையில் ஓர் அறைக்குள் கண்ணாடி முன் அமர்ந்திருந்த சிறுவன் இராமலிங்கத்துக்கு அந்தக் கண்ணாடியில் தெரிந்தவன் தணிகை முருகன். அடுத்து வந்தவை திருவருட்பாப் பாடல்கள். அருணகிரியும் சும்மா இருந்துவிட்டுப் பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. கிடைத்தவை ஆயிரத்து முந்நூறு சொச்சம். மூவருக்கும் முதலில் வாய் அடைத்தது, பிறகு பாட்டுப் பிறந்தது. சும்மா இரு என்பதைத் தவிர, கட்டளையாக, யோசனையாக, இன்னின்ன செய் என்ற பட்டியலாக எவருக்கும் எதுவும் வரவில்லை.

இன்று தியான வகுப்புகளில் "அமைதியாக உட்காருங்கள், கடவுள் வழிகாட்டுவார்" என்கிறார்கள். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த குவேக்கர் சபையார் பூசாரியும் பிரசங்கமும் இல்லாமல் கூடி அமர்ந்து, உள்ளிருந்து உந்துதல் வந்தவர் மட்டும் எழுந்து பேசும் முறையைப் பல இடங்களில் இன்றுவரை வைத்திருக்கிறார்கள். விவிலியத்தின் நாற்பத்தாறாம் சங்கீதத்தைத் தமிழாக்கியவர்களும் கடவுளை அறிய அமர்ந்திருக்கச் சொன்னார்கள். நல்ல சொல், விளக்கு அணைவதையும் அமர்தல் என்போம். ஆனால் சும்மா இவற்றைவிடக் கறாரானது. காரணமில்லாமல், கூலியில்லாமல் என்ற தெருப் பொருள்கள் அதனுள் அப்படியே இருக்கின்றன. திருமணத்துக்கோ வேலைக்கோ கடவுளிடம் விடை கேட்டு வாய் மூடி இருப்பவர் காத்திருக்கிறார். அவர் இன்னும் சும்மா இருக்கவில்லை.

ஒரு மடத்துக் கதை உண்டு. சும்மா இருக்கும் சாமியாருக்கு ஒரு பட்டைச் சோறு என்று கணக்கில் பார்த்த புது அதிகாரி, வெட்டிச் செலவென்று நிறுத்தப் போனார். நிறுத்துமுன் தானும் ஒருநாள் சும்மா இருந்து பார்த்தார். கொசு கடித்தது, கணக்கு நினைவு வந்தது, சாமியார் என்ன நினைப்பாரோ என்றிருந்தது. மறுநாள் கணக்கில், சும்மா இருக்கும் சாமியாருக்கு இரண்டு பட்டை என்று திருத்தி எழுதினார்.

திருத்தணி, திருவாலங்காடு, புத்தூர்ப் பக்கம் இரண்டு மொழியும் பேசும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பேரனிடம் சும்மா என்கிறார்கள், எந்தப் பேத்தியிடம் ஊருக்கோ என்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அகராதிகள் சொல்லைத்தான் பிடித்து வைத்திருக்கின்றன. சொல்லும் விதத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.