ஃபேஸ்புக் வணிகப் பக்கம்

கடைகளும் நிறுவனங்களும் வாடிக்கையாளரோடு தொடர்பு வைத்துக்கொள்ள ஃபேஸ்புக் 2007 நவம்பரில் தொடங்கிய வசதி. தனிநபர் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. பக்கத்தைப் பின்தொடர்வோருக்கு அந்த வரம்பில்லை. ‘ரசிகராகுங்கள்’ என்றிருந்த பொத்தான் 2010-இல் ‘லைக்’ ஆனது.

பின்தொடரும் எல்லோருக்கும் ஒவ்வொரு பதிவும் போய்ச் சேர்வதில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அல்காரிதம் தீர்மானிக்கிறது. நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. அதன்பின் பல பக்கங்களுக்கு இலவசமாகக் கிடைத்த பார்வை சுருங்கியது. காசு கொடுத்து வாங்கிய லைக்குகள் இங்கே வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. பதிவைத் திரும்பியும் பார்க்காத போலிக் கணக்குகள், யாருக்கு அது பிடிக்கிறது என்ற கணிப்பையே குழப்பிவிடும்.

கட்டண விளம்பரத்தை ஊர், வயது, ஆர்வம் பார்த்துக் குறிவைக்கலாம். ஒரு பேக்கரிக்குச் சுற்றுவட்டாரத்தில் சில கிலோமீட்டர் போதும். மாநிலம் முழுக்கக் காட்டுவது பணத்தைக் கரைப்பதுதான்.

பலர் கோட்டைவிடுவது எளிய இடங்களில். கடை திறக்கும் நேரமும் தொலைபேசி எண்ணும் பழையதாகவே கிடக்கும். சேலையின் விலை கேட்டவருக்கு ‘இன்பாக்ஸ் வாருங்கள்’ என்று மட்டும் பதில் வரும். பலர் அதோடு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு பக்கத்தைப் பலர் சேர்ந்து நிர்வகிக்க முடியும். முழு உரிமையை ஊழியரிடமோ விளம்பர முகவரிடமோ மட்டும் விட்டுவைத்தால், அவர் விலகும்போது பக்கமும் கைநழுவக்கூடும்.